கூனற்கட்டும் ஸ்னெஃபெரு மன்னனும்

போன மாதம் நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து எஞ்சினியர் தம்பி தொலைபேசி எடுத்தார். துஷ்யந்தன் என்று பெயர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், வவுனியாப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். அதனால் இந்தக் கட்டுரையில் அவரை அளவாகத்தான் திட்டப்போகிறேன். கந்தோரில் மலர் ஒன்று வெளியிடுகிறார்களாம். ஓய்வு பெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர்கள் ஆளுக்கொரு அனுபவக் கட்டுரை தரவேண்டுமாம். வாசிக்கிற இளம் ஆட்களுக்கு உற்சாகம் வருகிற மாதிரி எழுதச் சொன்னார். நான் உத்தியோக காலம் முழுவதும் வன்னியில் குளக்கட்டுக் கட்டியவள். சேறு, நுளம்பு, கொந்தராத்துக்காரர், கமக்காரர் அமைப்புக் கூட்டம். இதற்குள் உற்சாகத்தை எந்த மூலையில் போய்த் தேடுவது?

சரி பார்க்கிறேன் என்று வைக்கப் போனால், இன்னும் இரண்டு விசயம் என்றார்.

முதலாவது, பழைய எஞ்சினியர் அறைச் சுவரில் தொங்கிய பிரமிட் படம். வர்ணம் அடிக்கிறதற்காகக் கழற்றினார்களாம். அந்தப் பிரமிட் பாதிக்கு மேலே வளைந்து கிடக்கிறதே, படம் எடுத்தவர் பிழையாக எடுத்துவிட்டாரோ என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரமிட்டெல்லாம் வேற்றுக்கிரகத்து ஆட்கள் வந்து கட்டியவை என்று யூடியூப்பில் ஒரு காணொளி பார்த்தாராம். அப்படியும் இருக்கலாம்தானே என்றார். கம்பஸில் கட்டுமானம் படித்த பிள்ளை. நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

இரண்டாவது, நெடுங்கேணிப் பக்கத்து விளாத்தியடிக்குளம். அதன் கட்டு ஓரிடத்தில் பாதி உயரத்துக்கு மேல் உள்ளே சாய்ந்து, முதுகு வளைந்த ஆள் மாதிரி நிற்கும். ஊர்ச்சனம் கூனற்கட்டு என்றுதான் சொல்லும். ட்ரோனில் படம் எடுத்துப் பார்த்தபோது இன்னும் அசிங்கமாகத் தெரிந்ததாம். புதுத் திட்டத்தில் அதை நேராக்கி, உயர்த்தி, மேலே நடைபாதைக்குக் கல் பதிக்கப்போகிறார்களாம். ஊரும் சம்மதமாம்.

"பூரணம் எண்டு ஒரு அம்மா இருக்கிறா மிஸ், கட்டுக்குக் கீழ வீடு. அவாதான் கூட்டத்தில எழும்பி நிண்டு முதல் கதைச்சவா, கட்டை முறையா உயர்த்துங்கோ எண்டு. நீங்கள் யோசியாதேங்கோ, அந்த அம்மாவின்ர வீட்டில நாங்கள் கை வைக்கமாட்டம். வேலியோட நிப்பாட்டிப்போட்டு மேல நேராக் கொண்டுபோறம்."

அட கடவுளே, அச்சொட்டாக அதே பிழை. அந்தக் கட்டு கூனலானதே அந்த வீட்டுக்காகத்தான். வேலியோடு நிறுத்தி நேராக உயர்த்தினால் ஏதாவது ஒரு மாரியில் கட்டு சரிந்து பூரணம் அக்காவின் குசினிக்குள், அடுப்புக்கு மேல் வந்து இருக்கும். சரியாமல் கட்டுவதென்றால் கட்டின் அடியை அகலிக்கவேண்டும். அப்போது அந்த வீட்டை அங்கிருந்து எழுப்பி அகற்றவேண்டும். இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதைக் கட்டிய பழைய எஞ்சினியர் நிஸ்தார் சேர், மண்ணுக்குள் போய்விட்டார். மற்றது நான். பூரணம் அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்று சேர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இங்கே பார்த்தால் அந்த மனிசியே எழும்பி நின்று கட்டை உயர்த்தச் சொல்லிச் சத்தம் போடுகிறா.

தம்பியின் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் அது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையல்ல. உற்சாகம் வேண்டியவர்கள் மலரில் வேறு பக்கத்தைப் புரட்டுங்கள்.

நான் பரந்தனில் பிறந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் எடுத்தவர். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று அவர் கந்தோரில் போய் நின்று கத்துவதைப் பார்த்து வளர்ந்தேன். பிறகு அதே மாதிரிக் கந்தோரில் கதிரை போட்டிருந்து மற்றவர்கள் கத்துவதைக் கேட்டேன். தொழினுட்பக் கல்லூரி, பயிற்சி, சண்டைக்காலம், இடம்பெயர்வு, எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறேன். இங்கே எல்லாரிடமும் அந்தக் கதை இருக்கிறது. என்னுடையதில் விசேஷம் ஒன்றுமில்லை.

மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில் நிஸ்தார் சேர் எங்களுக்கு எஞ்சினியராக வந்தார். தண்ணீரூற்று என்ற ஊரில் பிறந்தவர். முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளம் போனவர். இடையில் சம்பளமில்லா லீவில் வெளிநாட்டில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஊர் திறந்ததும் இங்கேதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தார். வேறு எஞ்சினியர்மார் இங்கிருந்து மாற்றம் கேட்டு வரிசையில் நின்ற காலம் அது.

சேர் ஒருநாளும் குரல் உயர்த்தமாட்டார். எனக்கு எரிச்சலே அதுதான். கத்துகிற ஆளோடு திருப்பிக் கத்தலாம். இவர் ஒரே ஒரு சொல்தான் சொல்லுவார்: "காட்டுங்கோ." படை இறுகிவிட்டது சேர் என்றால், காட்டுங்கோ. கல் பொறுக்கிவிட்டோம் என்றால், காட்டுங்கோ. சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உள்ளே திணித்து, கட்டின் முனையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பார். குதிக்காலால் இடைக்கிடை ஒரு குத்து. நின்றாரென்றால் அந்த இடத்தில் பிழை. வெயில் கொளுத்தும், அவர் நிற்பார், நாங்களும் நிற்கவேண்டும்.

கட்டுக் கட்டுவது மண்ணைக் கொட்டி உயர்த்துவது என்று நினைக்கிற ஆட்களுக்காக இதைச் சொல்கிறேன். மண்ணை ஒரு சாண் தடிப்புக்குப் பரப்பவேண்டும். கட்டி உடைத்து, வேரும் கல்லும் பொறுக்கி, தண்ணீர் தெளிக்கவேண்டும். பிடித்தால் உருண்டையாக நிற்கவும் வேண்டும், விரலில் அப்பவும் கூடாது. அதன்மேல் முள்ளு ரோலர் ஓடவேண்டும். பிறகு சின்னக் குழி ஒன்று தோண்டி, தோண்டிய மண்ணை நிறுத்து, குழிக்குள் உலர்ந்த மணலை அளந்து விட்டு, எவ்வளவு கொள்கிறது என்று பார்த்து, மண் இறுகியதா என்று கணக்குப் போடவேண்டும். சரி வந்தால்தான் அடுத்த படை. வராவிட்டால் கிளறிப்போட்டுத் திரும்ப முதலிலிருந்து. மிஸ் மண்ணுக்கு ஊசி போடுகிறா, காய்ச்சல் பார்க்கிறா என்று கொந்தராத்துக்காரர் நக்கலடிப்பார். அந்தாளோடு தொண்டை வறளச் சண்டை பிடித்துத்தான் ஒவ்வொரு படையும் எழும்பும்.

சரிவு பார்க்கச் சேர் ஜீப்பின் பின்னால் ஒரு மர முக்கோணம் வைத்திருந்தார். நடுவில் தூக்குக்குண்டு தொங்கும். கட்டு ஒரு அடி உயர்ந்தால் வெளிப்பக்கம் இரண்டு அடி சரியவேண்டும் என்பது எங்கள் வழக்கம். மணலைக் குவித்துப் பாருங்கள். அது தானாக ஒரு சரிவில் வந்து நிற்கும். அதைவிடச் செங்குத்தாக நிற்கச் சொன்னால் மணல் கேட்காது. மண் கொஞ்சம் கேட்பதுபோல நடிக்கும், பிறகு விழும்.

இனி அந்தப் படம். சேர் வெளிநாட்டில் இருந்தபோது எகிப்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். எல்லாரும் பெரிய பிரமிட்டுக்கு முன்னால் நின்று அதன் முனையை விரலால் கிள்ளுவதுபோலப் படம் எடுப்பார்கள். இவர் வாடகைக் கார் பிடித்துத் தஹ்சூர் என்ற இடத்துக்குப் போய், ஆளே இல்லாத மணல்வெளியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தக் கோணல் பிரமிட்டுக்கு முன்னால் நிற்கிறார். அறைக்கு வந்து இது என்ன என்று கேட்டவர்களுக்கு முழுக் கதையும் சொல்லுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். கணக்காய்வுக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவர் பிளேன்ரீ ஆறிப்போகும்வரை கதை கேட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து எழும்பிப் போனதைக் கண்டிருக்கிறேன்.

கதை இதுதான். ஸ்னெஃபெரு என்று ஒரு அரசன். நாலாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. எல்லாருக்கும் தெரிந்த பெரிய பிரமிட்டைக் கட்டியவன் மகன், இவன் தகப்பன். மகனுக்குப் பெயர், தகப்பனுக்கு வேலை என்பார் சேர். இந்த அரசன் தஹ்சூரில் ஒரு பிரமிட் தொடங்கினான். ஆசை கூடிப்போய்ச் சரிவைச் செங்குத்தாக எடுத்துவிட்டான். கீழே நிலம் பாறையில்லை, இளக்கமான நிலம். பாதி எழும்பியபோது உள்ளே வெடிக்கத் தொடங்கியது. அறைகளுக்குள் மரத்துலாக்களை முட்டுக் கொடுத்தார்கள். அவை இன்றைக்கும் உள்ளே கிடக்கின்றன. அடியைச் சுற்றி அகலித்தும் பார்த்தார்கள். சரிவரவில்லை. கடைசியில் அரசன், கட்டினது கட்டினபடி இருக்கட்டும், இதற்கு மேல் சரிவைக் குறையுங்கள் என்றான். பாரம் குறைந்தது, உயரமும் குறைந்தது. பிரமிட் கூன் விழுந்தது, ஆனால் விழவில்லை. அதன்பிறகு அவன் வடக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி இன்னொன்று தொடங்கினான். அதை அடியிலிருந்தே குறைந்த சரிவில் எடுத்தான். அது செக்கச்சிவந்த கல்லில் நேராக நிற்கிறது.

அந்த ஆட்களும் எங்களைப்போலவே சரிவு பார்த்தார்களாம்: ஒரு முழம் ஏறினால் எத்தனை விரல் உள்ளே போகிறது என்று. இந்த இடம் வரும்போது சேர் எழும்பிப் போய் மர முக்கோணத்தைக் கொண்டுவந்து காட்டுவார். நான் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிக்கும் அளவுக்கு இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். சேருக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று.

"அவன் ராசா, தங்கச்சி. இடிச்சுப்போட்டுத் திரும்பக் கட்டுங்கோடா எண்டிருந்தால் ஆர் கேக்கிறது? தன்ர பிழையை எல்லாரும் பாக்கிற மாதிரி விட்டிட்டுப் போயிருக்கிறான்."

ஆகவே துஷ்யந்தன் தம்பி, வேற்றுக்கிரகத்திலிருந்து இவ்வளவு தூரம் கப்பல் ஓட்டி வரத்தெரிந்தவனுக்குச் சரிவு கணக்கு வராதா? பாதி கட்டி, வெடித்து, தலையில் கை வைத்து, மரம் முட்டுக் கொடுத்து, வழியில்லாமல் கோணலாக்கி முடிப்பவன் மனிதன். இங்கேயே பிறந்து வளர்ந்த, அசல் மனிதன். இனி அந்தக் கண்டறியாத காணொளியை எனக்கு அனுப்பவேண்டாம்.

விளாத்தியடிக்குளம் சண்டைக்காலத்தில் உடைந்து கிடந்தது. உடைப்பை அடைத்துக் கட்டை உயர்த்தினால் கடைசி வாய்க்காலில் இருக்கிற வயல்களிலும் கோடையில் சிறுபோக நெல் செய்யலாம். சனம் அப்போதுதான் முகாமிலிருந்து திரும்பி வந்திருந்தது. நான் லெவல் பிடித்து, முளை அடித்து, நூல் கட்டப் போனேன். உடைப்புக்கு நேர் கீழே ஒரு வீடு. அதுதான் பூரணம் அக்காவின் வீடு. புருஷன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தார். ஒரு அறை கல்லால் எழும்பியிருந்தது, குசினி தகரம். கட்டின் அடி எதுவரை வரும் என்று கணக்குப் பார்த்து நான் அடித்த முளை, குசினியைத் தாண்டி, அம்மிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

அக்கா அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார். முளையைப் பார்த்தார். இது என்னத்துக்குப் பிள்ளை என்று கேட்டார். சும்மா அளவு பார்க்க என்றேன். வேறு என்ன சொல்ல? இடம்பெயர்ந்து எத்தனை தரம் எழும்பினார் என்று கேட்டால், எண்ணிச் சொல்ல அவருக்கே தெரியாது.

சேர் வந்தார். முளையைப் பார்த்தார். அங்கே கிடந்த உரலில் இருந்து, அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு எழும்பி, தன் கையால் அந்த முளையைப் பிடுங்கி, வேலிக்கு வெளியே கொண்டுபோய் அடித்தார். என்னிடம் சரிவை ஒன்றுக்கு ஒன்றரையாக எடுக்கச் சொன்னார். மண் நல்ல மண், பிடிக்கும் என்றார். இந்த ஆள்தான் கோணல் பிரமிட்டுக் கதையை நாள்தோறும் சொல்லுகிறவர்.

நான் சும்மா இருக்கவில்லை. ஜீப்பில் வரும்போது சொன்னேன், வேறு காணி கொடுப்பார்கள், வீட்டுத்திட்டத்தில் புது வீடும் கொடுப்பார்கள், கொஞ்சம் தள்ளித்தானே என்று.

"வேற காணி எண்டு எனக்கும்தான் சொன்னவை தங்கச்சி," என்றார். "இந்தக் கையால ஒரு ஆளை எழும்பச் சொல்ல எனக்கு ஏலாது."

சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கிற எஞ்சினியர் இந்தப் பிழையை விடமாட்டான். அங்கே வீட்டை எழுப்புவது ஒரு கடுதாசி வேலை. எங்களில் கட்டளை போடுகிறவன், அளக்கிறவள், ரோலர் ஓட்டுகிறவன், எல்லாரும் ஒருக்கால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள். இந்த மனிசியை இன்னொருதரம் எழும்பச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. மண்ணிடம்தான் இரக்கம் கேட்டோம்.

மண் இரங்கவில்லை. பாதி உயரம் தாண்டிய பிறகு ஒருநாள் காலை கட்டின் மேல் நீளப்பாட்டுக்கு ஒரு வெடிப்பு, தலைமயிர் அளவில். மறுநாள் விரல் போனது. கீழே பூரணம் அக்காவின் வேலிக் கதியால் தடிகள் ஒரு பக்கம் சரியத் தொடங்கின. கட்டு வயிறு தள்ளுகிறது என்று அர்த்தம். சேர் வெடிப்புக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊறவிட்டு, குறுக்கே குழி வெட்டி, வெள்ளை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று இறங்கிப் பார்த்தோம். குழியின் அடிவரை வெள்ளை தெரிந்தது. பழைய உடைப்பில் இருந்த களிமண், பாரம் தாங்காமல் வழுக்குகிறது. மாரி வர அதிக நாளில்லை. திறப்பு விழாவுக்கும் ஆட்கள் நாள் வைத்துவிட்டார்கள்.

சேர் குழிக்குள்ளிருந்து ஏறி வந்து, கையைத் தட்டிக்கொண்டு, ஈர்க்குக் குச்சியால் நிலத்தில் கீறினார். அடி வேலியோடு நிற்கட்டும். இந்த உயரத்துக்கு மேல் வெட்டிச் சரிவைக் குறைப்போம். கட்டின் காலுக்குக் கல் அடுக்கித் தண்ணீர் வடிய வழி விடுவோம். கட்டின் உயரம் குறையும், மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற வானையும் பதித்துக் கட்டவேண்டும், குளம் குறைவாகத்தான் பிடிக்கும். கீறி முடித்துப் பார்த்தால் சுவரில் தொங்குகிற படமேதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த ஆத்திரத்தில், வீட்டை எழுப்பினால் இவ்வளவும் தேவையில்லையே சேர் என்று திரும்பவும் கத்தினேன். அவர் அந்த ஈர்க்கை முறித்து எறிந்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்கு அந்த மனிசிதான் காரணம் எண்டு ஊருக்குத் தெரிஞ்சால் அவா இஞ்ச இருக்கேலாது. அவாவுக்கும் தெரியவேண்டாம். நீங்கள் ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். சொல்லித் தொலைத்தேன்.

கமக்காரர் கூட்டத்தில் கடைசி வாய்க்கால்காரர் சேரைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். சிறுபோகம் அவர்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது, கோபம் நியாயம். அடியை அகலித்துக் கட்டு என்று ஒருவர் கேட்டார். கீழே களி, அகலித்தாலும் நிற்காது என்றார் சேர். அவர் வாயால் நான் கேட்ட ஒரே பொய் அதுதான். திறப்பு விழாவில் மாலையும் கழுத்துமாக நின்ற பிரமுகர், இது ஏன் இப்படிக் கோணிக் கிடக்கிறது என்று கேட்டார். கமக்காரர் அமைப்புத் தலைவர், எங்கள் எஞ்சினியருக்குக் கணக்கு வராது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பூரணம் அக்காவும் பிள்ளைகளோடு கூட்டத்தில் நின்றார். சேர் சொன்னார்: "பிழை என்ர. திருத்தினதும் நான்."

அந்த மாரி நல்லாக அடித்தது. கட்டு நின்றது. காலடியில் வடிந்த தண்ணீர் மண் கரையாமல் தெளிவாக வடிந்தது. நின்ற கட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கூனைப் பற்றித்தான் பேச்சு. சேரிடம் அதன்பிறகு ஒரு குளமும் கொடுக்கவில்லை. வாகனமும் களஞ்சியமும் பார்க்க விட்டார்கள். ஓய்வு பெறும்வரை டயர் எண்ணினார். ஸ்னெஃபெருவுக்காவது அடுத்த பிரமிட் கிடைத்தது. சேர் மௌத்தாகி அடக்கம் என்ற செய்தி கேட்டுத் தண்ணீரூற்றுக்குப் போனபோது, விளாத்தியடிக்குளத்து ஆட்கள் ஒருவரும் வந்திருக்கவில்லை. எனக்கு அன்று அந்த ஊர் முழுவதோடும் கோபம். பூரணம் அக்காவோடும்தான்.

இப்போது சொல்லுங்கள், துஷ்யந்தன் தம்பியின் தொலைபேசி வந்தால் எனக்கு எப்படி இருக்கும்? சொன்னால் சேருக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் கட்டு வந்து அக்காவின் தலையில் விழும். இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தேன். செத்துப்போன ஆளையும் விடாமல் ஏசினேன். மூன்றாம் நாள் பரந்தனில் பஸ் ஏறி, புளியங்குளத்தில் இறங்கி நின்று, நெடுங்கேணி பஸ் பிடித்து, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் போய் இறங்கினேன்.

பூரணம் அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. வீடு இப்போது சீமெந்துப் பூச்சோடு, குசினியும் கல்லால் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, அதே உரலைக் காட்டி இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. நின்றபடியே தொடங்கினேன். அக்கா, கட்டை உயர்த்தச் சொல்லிக் கேட்டீங்களாமே, உங்களுக்கு விளங்கித்தான் கேட்டீங்களோ, அதை உயர்த்துகிறதென்றால்…

"வீடு போகும்," என்றார். "தெரியாமலோ கேட்டனான்?"

நான் கையிலிருந்த பையை நிலத்தில் வைத்தேன்.

"நீ அம்மியடியில முளை அடிச்சதும் கண்டனான். அந்தாள் பிடுங்கினதும் கண்டனான். பேந்து கட்டு வெடிச்சதும், வளைச்சதும் என்ர கண்ணுக்கு முன்னாலதானே. விளங்காமல் இருக்க நான் என்ன விசரியே பிள்ளை?"

இவ்வளவு காலமும். நானும் சேரும் பொத்திப் பொத்தி வைத்த பெரிய ரகசியம். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. தெரிந்திருந்தால் ஏன் ஒரு சொல் சொல்லவில்லை, அந்த மனிசனைத் திறப்பு விழாவில் வைத்துக் கணக்குத் தெரியாதவன் என்று சிரித்தபோது ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள் என்று சத்தமாகவே கேட்டேன்.

அக்கா முகத்தைத் திருப்பவில்லை. சொன்னால் எழும்பவேண்டி வரும் என்ற பயம் என்றார். அந்தப் பயம் பல வருஷம் இருந்ததாம். மூத்த மகள் கலியாணம் செய்தது கடைசி வாய்க்கால் வயல்காரரை. சிறுபோகம் வரும்போதெல்லாம் மருமகன் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு அந்த எஞ்சினியரை ஏசுவாராம். அக்கா சோறு போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாராம். சேர் மௌத்தான செய்தி பிந்தித்தான் வந்ததாம். வந்த நாள் தொடக்கம் இந்த வீட்டுக்குள் நித்திரை வருவதில்லை என்றார். மகளின் வளவில் ஒரு அறை போட்டுக்கொண்டு போவதாக முடிவெடுத்த பிறகுதான் கூட்டத்தில் எழும்பி நின்றாராம்.

"அண்டைக்கு எழுப்பியிருந்தால் நான் அந்தக் குளத்துக்கையே விழுந்திருப்பன். இண்டைக்கு என்னை ஒருத்தரும் எழுப்பேல்ல. நானாப் போறன். நீ இதை எழுது பிள்ளை, அந்தாளுக்குக் கணக்குத் தெரியும் எண்டு எழுது."

அப்போதுதான் உரலில் இருந்தேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யாரோடு கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர் சொல்லாமலே இவரைக் காப்பாற்றியிருக்கிறார், இவர் சொல்லாமலே எல்லாம் அறிந்திருந்திருக்கிறார். நடுவில் நான் மட்டும் பொல்லாத ரகசியத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். சேரிடம் இதைச் சொல்ல முடியாமல் போனதுதான் தாங்கவில்லை.

அக்கா தேத்தண்ணி தந்தார். குடித்து முடிக்கும்வரை முன்னால் நின்றார். பிறகு முளை கொண்டுவந்தாயா என்று கேட்டார். ஓய்வு பெற்றவளிடம் முளைக்கு எங்கே போவது? இனி துஷ்யந்தன் தம்பி ஆட்களோடு வந்து அளப்பார் என்றேன். அவர் எப்போது வருவாரோ, அதற்குள் நான் மனம் மாறினால் என்ன செய்வாய் என்றார். வேலியில் ஒரு கிளுவைக் கதியாலை இழுத்துப் பிடுங்கிக்கொண்டு, அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, இடத்தைக் காட்டச் சொன்னார்.

காட்டினேன். குசினியைத் தாண்டி, அம்மிக்குப் பக்கத்தில். எனக்கு நூல் தேவைப்படவில்லை. அக்கா குழவியால் அடித்தார். நான் பிடிக்கப் போனபோது கையை விலக்கச் சொன்னார். கிளுவையென்றால் துளிர்த்துவிடும் அக்கா என்றேன்.

"துளிர்க்கட்டும். ரோலர் வரும்வரைக்கும் நிக்கட்டும்."

தம்பி, அந்த முளைதான் கட்டின் அடி. அதற்கு இந்தப் பக்கம் நிறுத்துகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஒன்றுக்கு இரண்டு, அடியிலிருந்தே. காலுக்குக் கல் அடுக்க மறக்கவேண்டாம். அறைக்கு வர்ணம் காய்ந்ததும் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டுங்கள். வருகிறவர்கள் கேட்டால் கதையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.